நூற்றெண்பதாம் அடி

முழங்காவிலில்
மரமுந்திரிகைக் காணியின் வடக்கு மூலையில்
லொறி காலூன்றி நிற்கிறது.
குகதாசன் லீவரை இழுக்க
முதல் குழாய் மண்ணைக் கடிக்கிறது.

என் வேலை எழுதுவது.
பத்தடிக்கு ஒரு கைப்பிடி மண்,
ஒரு பொலித்தீன் பை, ஓர் இலக்கம்.
முதல் பத்தடிக்குச் செம்மண் என்று எழுதினேன்.
அதோடு வந்த மற்றதை எழுதவில்லை;
படிவத்தில் அதற்கு நிரல் இல்லை.
கொம்பிரசர் ஊதி அப்பால் தள்ளியது.
நானும் காணாதவள்போல
அடுத்த பையை விரித்தேன்.

முப்பது. நாற்பது. களி, பிறகு மணல்.
அறுபதில் சத்தம் மாறுகிறது.
"கல்லு" என்கிறான் குகதாசன்.
துளைவாயால் வெள்ளை மா கிளம்பி
அவன் மீசையில் படிகிறது,
இடியப்பத்துக்கு அரித்த மாதிரி.
விரலில் தேய்த்தால் நறநறக்கிறது.
சிப்பி.
சிப்பி அரைந்து, அரைந்தது இறுகி, மறுபடி அரைந்து.

ஒரு குழாய்க்கு எத்தனை லட்சம் ஆண்டென்று
எனக்கு யாரும் சொன்னதில்லை.
நானே ஒரு கணக்கு வைத்திருக்கிறேன், பிழையாகத்தான் இருக்கும்.
தொண்ணூறாம் அடியில் ஊரில்லை.
நூறில், ஊரென்று சொல்ல வாயில்லை.
நூற்றுப்பத்தில் என் தலைக்குமேல் தண்ணீர்,
பச்சை, இளஞ்சூடு.
முந்திரிகை வேர் நிற்கிற இடமெல்லாம் சாதாளை.
அதை மேய்ந்தபடி ஓர் ஆவுளியா
குட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு
மூச்சுக்கு எழும்புகிறது.
சரியாக மரியசீலி அக்காவின் உடுப்புக்கொடிக்கு ஊடாக.

அப்பால், வெளிச்சம் முடிகிற இடத்தில்
நீளமான ஒன்று திரும்புகிறது.
லொறியை விடப் பெரிசு.
பல் ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம்.
அசையாமல் நிற்கிறேன்.
அது என்னிடம் பெயர் கேட்கவில்லை,
அடையாள அட்டை கேட்கவில்லை.
பசி மட்டும்தான் அதற்கு.
பசியென்றால் எனக்கு விளங்கும்.

செத்தவை விழுகின்றன.
ஓடு, முள், செதில், கண்ணுக்குத் தெரியாத தூள்.
பகலும் இரவும் விழுகின்றன.
ஒருவரும் எண்ணவில்லை.
எண்ணியிருந்தாலும் என் கையால் வருவது
'சுண்ணக்கல், வெளிர்' என்ற இரண்டு சொல்தான்.

"அக்கா, நூற்றைம்பது! பையைப் பிடியுங்கோ,
எங்க நிக்கிறியள்?"

நூற்றெண்பதில் தண்ணி.
முதலில் பால்போல, பிறகு கஞ்சிபோல,
பிறகு தண்ணீர்போல.
எட்டு வருசம் பவுசருக்குக் காத்திருந்த மரியசீலி அக்கா
முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி வந்தா.
"உப்போ பிள்ளை?"

குடங்கையில் ஏந்தினேன்.
நாக்கில் சுண்ணாம்பு.
அதற்குப் பின்னால் கொஞ்சம் இரும்பு.
அதற்கும் பின்னால் ஏதோ ஒன்று,
தண்ணீரின் ருசியா என் யோசனையா, சொல்லத் தெரியவில்லை.
"இல்லை அக்கா. நல்ல தண்ணி."

அவ வாளிக்கு ஓடினா.
கொடியில் மா படிந்த சட்டைகள் ஆடின.
படிவத்தின் ஓரத்தில், நிரலுக்கு வெளியே,
'ஆவுளியா ஒன்று, குட்டியுடன்' என்று எழுதினேன்.
பொறியியலாளர் கேட்டால்
எழுத்துப்பிழை என்பேன்.