ஐந்தாம் குப்பி

ஆற்றின் நிறம் பால் அதிகமான தேநீர்.
க்வாபெனா மோட்டார் சைக்கிளின் பின்னால்
ஐஸ் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டுகிறான்.
பிராகோ ஒவ்வொரு குப்பியிலும்
இடம், மணி, தேதி எழுதுகிறாள்.
ஈரத்தில் மை பரவுகிறது.
துடைத்துவிட்டு மறுபடி எழுதுகிறாள்.

குமாசியிலிருந்து மூன்று மணி நேரம்.
இங்கே யாரும் தங்கம் தோண்டுவதில்லை என்று
வழிநெடுகச் சொன்னார்கள்.
சொன்னவர்களுக்கு முழங்கால்வரை சேறு.

பள்ளிக்கூடத்தின் பின்னறை.
ஜன்னலில் சாக்கு, கதவிடுக்கில் பாய்.
வடிகட்டிய பின் எல்லாத் தண்ணீரும் நல்ல பிள்ளை.
ஒவ்வொன்றிலும் ஐம்பது மைக்ரோலிட்டர் விடுகிறாள்.
அது எவ்வளவு என்று கேட்ட சிறுவனிடம்
"பத்துக் கொசு குடித்த ரத்தம்" என்கிறாள்.

அந்தச் சொட்டுக்குள்
எண்ணிக்கைக்கு அடங்காத மூலக்கூறுகள்
தங்கள் வளையத்தை மூடிக்கொண்டு
நிறமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன.
இரும்பு தட்டும். திறக்காது.
சுண்ணாம்பு தட்டும். திறக்காது.
பாதரசம் வாசலுக்கு வந்தால் போதும்,
கந்தகம் எட்டிப் பிடிக்கும்,
வளையம் அவிழும்.

புற ஊதா டார்ச்.
முதல் குப்பி, காய்ச்சி வடித்த நீர்: இருட்டு.
இரண்டாவது, மழைநீர்த் தொட்டி: இருட்டு.
மூன்றாவது, தோண்டாத இடத்துக்கு மேலே:
இருக்கிறதா இல்லையா என்று
இரண்டு முறை கண்ணைக் கசக்குகிறாள்.
நான்காவது, தோண்டாத இடத்துக்குக் கீழே.
ஒளிந்திருந்தது ஒளிர்ந்தது,
பழுத்த பப்பாளிக்குள் யாரோ விளக்கேற்றியதுபோல.

பிள்ளைகள் கைதட்டுகிறார்கள்.
இன்னொரு தடவை மேடம், இன்னொரு தடவை!
இருட்டாக இருந்த குப்பிகளுக்கு
யாரும் கைதட்டவில்லை.

எல்லோரையும் வெளியே அனுப்பிய பிறகு
க்வாபெனா ஹெல்மெட்டுக்குள்ளிருந்து
ஒரு மருந்துக் குப்பியை எடுக்கிறான்.
இருமல் மருந்தின் லேபிள் பாதி உரிந்திருக்கிறது.
"வீட்டுப் பானைத் தண்ணீர்.
இதில் பெயர் எழுதாதீர்கள்."
அடுப்படியில்தான் அவன் கலவையைச் சுடுவான்.
ஆவி போனபின் தட்டில் மிஞ்சும்
மஞ்சள் பொட்டு.
மான்சாவுக்கு இது ஏழாம் மாதம்.

டார்ச்சை அவனே பிடிக்கிறான்.
கை நடுங்குவதால்
சுவரில் ஊதா வட்டம் நடுங்குகிறது.

வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு, ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாத
ஏதோ ஒன்று.

"ரொம்பச் சின்ன அளவு" என்கிறாள் பிராகோ.
"குமாசியில் மெஷினில் வைத்துப் பார்த்தால்தான்..."
அவன் சிரித்துவிடுகிறான்.
"எட்டு வருடமாகத்
தீக்குச்சித் தலைகளைப் படிக்கல்லாக வைத்து
நிறுத்துக்கொண்டிருக்கிறேன், மேடம்.
சின்ன அளவு என்றால் எனக்குத் தெரியும்.
எவ்வளவு சின்னது?"

அவள் வாய் திறப்பதற்குள்
பந்தைத் தேடி ஒரு பையன் கதவைத் தள்ளுகிறான்.
அறை முழுக்க வெயில்.
நான்காவதில் லேசாக ஒரு ரோஜா நிறம் மிச்சம்.
ஐந்தாவது
வெறும் தண்ணீர்,
தாகத்துக்கு எடுத்துக் குடிக்கலாம்போல.