பேத்தை

உப்புவெளியில் ஓர் அறை.
அறைக்குள் ஒரு பெட்டி.
பெட்டிக்குள் நான் நிரப்பிவைத்த கடல்:
ஒன்றரை இலட்சம் அணுக்கள்,
யன்னலுக்கு வெளியே இரைவதைவிட
நாலில் ஒரு பங்குதான் உப்பு.
நடுவே கொழுப்பால் நெய்த இரட்டைச் சவ்வு,
அதைத் துளைத்து நிற்கும் ஒரு புரதம்,
அதன் தொண்டை வழியே
சோடியம் போகும் பாதை.

வலச்சுவரால் வெளியேறும் அயன்
அதே கணம் இடச்சுவரால் உள்ளே வரும்.
அப்படித்தான் விதி எழுதியிருக்கிறேன்.
இந்தக் கடலில் போனவர் திரும்பாமல் இருப்பதில்லை.
எழுதிய இரவு கொஞ்ச நேரம்
விசைப்பலகையில் கை வைக்க முடியவில்லை.

எட்டு நாளுக்கு முன் வாசலில் நஞ்சை வைத்தேன்.
பேத்தை மீனின் நஞ்சு.
சீனிக் கட்டிபோலச் சின்ன மூலக்கூறு.
வாசலோர அமிலங்கள் அதைப் பிடித்துக்கொண்டன,
விடவில்லை.
சோடியம் வரும், தன் தண்ணீரைச் சுமந்தபடி
சுற்றிப் பார்க்கும், போகும்.
ஃபெம்டோ செக்கன் இரண்டுக்கு ஓரடி வைத்து
நாளொன்றுக்கு நாற்பது நானோ செக்கன்
நடக்கிறது என் கணினி.

புதன்கிழமை கரண்ட் போனது.
யு.பி.எஸ். கத்திக்கொண்டிருந்த இருட்டில்
பின்வளவு எமலிற்றா வாசலில் நின்றாள்.
“மிஸ், இவருக்கு உதடு விறைக்குதாம்.
இப்ப நாக்கும்.
ஈரலை எடுத்துப்போட்டு
நல்லாக் காய்ச்சினனான் மிஸ்.”

காய்ச்சினாலும் போகாது என்பதை
ஓட்டோவில் ஏறிய பிறகும் நான் சொல்லவில்லை.

யோக்கினின் வாயில் குழாய்.
அவனுக்காக ஒரு மெஷின் மூச்சு விட்டது.
மாற்று மருந்து இல்லை என்றார் டொக்டர்,
“கண் திறக்காது, காது கேட்கும். கதையுங்கோ.”
எமலிற்றா கதைத்தாள்:
வலை காய்ந்துவிட்டது,
சின்னவன் பள்ளிக்குப் போனான்,
இஞ்சினுக்குத் தவணை கட்டியாச்சு.
கட்டியிருக்கவில்லை.

நடுச்சாமம் என்னிடம் திரும்பினாள்.
“நீங்கள் அதைத்தானே பாக்கிறனீங்கள்?
உங்கட கம்பியூட்டரில அது எப்ப கழருது?”
மனதுக்குள் பெருக்கிப் பார்த்தேன்.
ஒரு நிமிடத்தை ஓட்டி முடிக்க
நாற்பது இலட்சம் ஆண்டு.
“விடியட்டும்” என்றேன்.

விடிந்தது.
ஆஸ்பத்திரி மதிலோரம் புள்ளிமான்கள்
சோற்றுப் பார்சலின் லஞ்ச்ஷீற்றை மென்றுகொண்டு நின்றன.
மெஷின் மூச்சு விட்டது.
மத்தியானமும் விட்டது.

பின்னேரம் அவனுடைய இடது சுண்டுவிரல்
போர்வையைச் சுரண்டியது.
முதலில் நான் நம்பவில்லை.
எமலிற்றா அந்த விரலைப் பிடித்துக்கொண்டு
“தவணை கட்டேல்ல” என்றாள்.

எந்த நரம்பில், எத்தனையாவது கதவில்
முதல் பிடி தளர்ந்ததென்று
யாரும் பார்த்திருக்கவில்லை.
பார்க்க என்று நான் வாங்கிய பெட்டி
அந்நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தது.

இப்போது விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடுகிறது.
நஞ்சு வாசலில்தான்.
சோடியம் வருகிறது, பார்க்கிறது, போகிறது.
ஞாயிறு மத்தியானம் மதிலுக்கு மேலால்
மூடிய சட்டி ஒன்று நீண்டது.
“சூடைதான் மிஸ், பயப்பிடாதேங்கோ.”
திரையைப் பார்த்தபடியே
சோற்றைப் பிசைந்தேன்.
முதல் வாய்க்குப் பிறகு
உதட்டை ஒருமுறை
தொட்டுப் பார்த்தேன்.