18–24 மாதம்

வெள்ளி ராத்திரி ஏறினால்
சனி விடியக் கோழிக்கோடு.
ஞாயிறு மத்தியானம் திரும்பினால்
திங்கள் எட்டரை ஷிப்டுக்குக்
கால் இடுக்கில் கொஞ்சம் மணலோடு
போய்ச் சேர்ந்துவிடலாம்.

எங்களுக்கான திட்டம் இவ்வளவுதான்.
மீதியெல்லாம் முகைக்கு.

பண்டல் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்:
டயப்பர் பதினாறு. இல்லை, இருபது.
வறுத்த ராகி மாவு இரண்டு டப்பா.
கொசுவலை. காய்ச்சல் மருந்து, அதன் மூடியோடு.
அறையில் கெட்டில் இருக்குமா என்று கேட்டதற்கு
"உண்டு, உண்டு" என்றார் போனில் ஒருவர்.
கடல் தெரியுமா என்றேன்.
மொட்டை மாடியில் துணி காயப்போடும் இடத்தில்
எக்கி நின்றால் தெரியுமாம்.

"ஏனம்மிணி, ரெண்டு நாளைக்கு
ஊட்டையே காலி பண்றாப்ல இருக்குது."
பூபதிக்கென்ன,
ஒரு பேன்ட், ஒரு லுங்கி, ஒரு பிரஷ்.

ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிற்று.
முதல்தரம் நீலச் சாயம் நிற்காமல்
மொத்த லாட்டும் திரும்பி வந்தது.
அடுத்த தரம் முகைக்குக் காதுவலி.
இப்போது ஓடுவது குழந்தைச் சட்டை,
நெஞ்சில் ஒரு திமிங்கிலம்,
பன்னிரண்டாயிரம் பீஸ்.
ஒவ்வொன்றையும் டியூப்லைட்டுக்கடியில் விரித்து
கண் விலகியிருக்கிறதா
வால் பிசிறியிருக்கிறதா
பார்த்துத் தள்ளுகிறேன்.
பெட்டிக்குள், கன்டெய்னருக்குள், தூத்துக்குடிக்கு,
அங்கிருந்து கப்பலுக்கு.
ஆறு வருஷமாக என் கை பட்ட துணியெல்லாம்
கடலைப் பார்த்துவிட்டது.
நான் பார்த்தது எட்டாவது படிக்கையில்,
கன்னியாகுமரியில், கணுக்கால் அளவு.
பஸ் கிளம்பிடும் என்று டீச்சர் கத்திக்கொண்டிருந்தார்.

வால் பிசிறிய ஒன்றைத்தான்
முகை போட்டிருக்கிறாள்.
கழுத்துச் சீட்டில் 18–24 மாதம்.
வரும் பத்தாம் தேதி இவளுக்கு இருபத்துமூன்று.
ஷிப்மென்ட் தேதி இன்னொரு தரம் நகர்ந்தால்
இந்தச் சட்டை தலையில் நுழையாது.

தண்ணீர் என்றால் இவளுக்கு
எட்டு நாளைக்கொருதரம் குழாயில் வருவது.
தொட்டி நிறையும் சத்தத்துக்குக் கை தட்டுவாள்.
நின்றதும் அழுவாள்.
நிற்கவே நிற்காத தண்ணீரை
இவளுக்கு எப்படிச் சொல்லிவைப்பது?
நொய்யல் பாலத்தில் வண்டியை நிறுத்தித்
தூக்கிக் காட்டினான் பூபதி.
"இது போயி காவேரியில சேந்து,
அப்பறம் ஒட்டுக்காக் கடலுக்குப் போயிருமாமா, சாமி."
அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

ஆடி மாதம் பாலக்காட்டுப் பக்கமிருந்து
கணவாய் வழியே வந்து
கொடித்துணியை முறுக்கிப் போடுகிற காற்று
கடலில் கிளம்பியதுதானே?
வருஷம் தவறாமல் அது வந்து போகிறது.
மொய் திருப்பாதவர்கள் நாங்கள்தான்.

வெயிட்டிங் லிஸ்ட் பதினாலு.
காலையில் ஒன்பது.
சாப்பாட்டு நேரத்தில் பார்த்தேன், ஒன்பதேதான்.
சூப்பர்வைசர் ஜெசிந்தா அக்கா
சனிக்கிழமை ஓ.டி. பலகையில் என் பெயரை எழுதிவிட்டு
என்னைத் திரும்பிப் பார்த்தார்.
சாக்பீஸ் கையிலேயே இருந்தது.
நான் ஒரு திமிங்கிலத்தை எடுத்து
வெளிச்சத்தில் பிடித்தேன்.

ராத்திரி பொடக்காலியில்
அகலமான அலுமினியப் பேசின் நிறையத் தண்ணீர்,
இரண்டு கை கல்லுப்பு.
தோலுக்கு ஒத்துக்குதான்னு பாக்கத்தான் என்றேன்.
பூபதி ஒன்றும் சொல்லவில்லை.
குந்தி உட்கார்ந்து
பேசினின் விளிம்பைப் பிடித்து ஆட்டத் தொடங்கினான்,
மெதுவாக,
பிறகு கொஞ்சம் வேகமாக.
சட்டையைக் கழற்றவிடவில்லை அவள்.
திமிங்கிலம் நனைந்தது.

விரலை முக்கி வாயில் வைத்தாள்.
முகம் கோணி, உடம்பு சிலிர்த்து, ஒரு தும்மல்.
எங்கள் இரண்டு பேரையும்
ஏமாற்றியவர்களைப் பார்ப்பது போல் பார்த்துவிட்டு
மறுபடியும் விரலை முக்கினாள்.