பட்டியலில் அடித்த வரி

காரைக்குடி, நூறடி ரோடு.
எக்ஸ்ரே தகடுகளை அடுக்கியிருந்த மாடி அறையைக் காட்டி
"பெட்டி இங்கதான்" என்றார்
மருத்துவமனை மேனேஜர் பெத்தபெருமாள்.

பட்டியலைக் கொடுத்தேன்.
பிராசசர் இரண்டு, இரண்டரை கிகாஹெர்ட்ஸுக்குக் குறையாமல்.
நினைவகம் அறுபத்து நான்கு ஜிபி.
வட்டுகள் எட்டு, ஒன்று செத்தால் மற்றவை சுமக்கும்படி.
கரண்ட் வர இரண்டு வழி.
சித்திரையைச் சமாளிக்க ஒன்றரை டன் ஏசி.
கடைசியாக:
தொலைபேசி மென்பொருளுக்கென்றே எட்டு கோர்.
அவற்றில் வேறெதுவும் ஓடக் கூடாது.

சிவப்புப் பேனா நேரே கடைசி வரிக்குப் போனது.
"ராத்திரி எத்தனை போன் வரும்?"
பத்து, பன்னிரண்டு.
"மத்த நேரம் எட்டும் சும்மா உக்காந்திருக்குமா?"
உட்கார்ந்திருக்கும்.
"சம்பளம் வாங்கிக்கிட்டு?"
சிரித்துவிட்டேன்.
சிரித்திருக்கக் கூடாது.

அதே பெட்டிக்குள்
கணக்கு வந்தது, மருந்துக்கடை வந்தது,
கேமரா, ஆய்வகம், யாரோ வாங்கிய வருகைப் பதிவேடு.
ஒவ்வொன்றும் முழு வீடும் தனக்கே என்று நம்பியது.
நம்ப வைப்பதுதான் என் தொழில்.

மே பதினேழு. இரவு பதினொன்று பத்து.
கணக்கு தன்னைத்தானே படியெடுத்துக்கொள்ளும் நேரம்.
"எந்த ஊருங்க?" என்கிறாள் ஜெயரத்னா.
வைரமணி சொன்னது:
கல்லலுங்க, குடிதண்ணித் தொட்டிகிட்ட.
வந்து சேர்ந்தது:

கல்ல      ங்க      குடி

அவள்மேல் தப்பில்லை. அப்படியும் ஓர் ஊர் இருக்கிறது,
தேவகோட்டைப் பக்கம்.
வண்டி அங்கே போய் இருட்டில் ஹார்ன் அடித்தது.
இங்கே ஒரு ஷேர் ஆட்டோவின் பின் சீட்டில்
பெண் குழந்தை பிறந்தது.
தாய்க்கு இரண்டு யூனிட் ரத்தம்.
இருவரும் நலம் என்று எழுதினார்கள்.
நான் அந்தப் பதிவைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

குரல் வரிசையில் நின்றிருக்கிறது.
கண் இமைக்கும் நேரம்கூட இல்லை.
பில் நிற்கும், மின்னஞ்சல் நிற்கும்;
சொல் நின்றால் ஊசிப்போகும்,
ஊசிப்போனதை மென்பொருள் கொட்டிவிடும்.
ஒரு "லு" கொட்டப்பட்டது.
ஒரு தண்ணித் தொட்டி.

வரைபடத்தோடு போனேன். அவர் வரைபடத்தைப் பார்க்கவில்லை.
"எங்க வீட்டுல கல்யாணமானா வேறு வைப்பாக" என்றார்.
"ஒரே கூரை, ஏழு புள்ளி, ஏழு அடுப்பு.
அரிசி பருப்பு அளந்து குடுத்துருவாக.
ஒரு புள்ளி வருசம் பூரா பினாங்குல கெடக்கும்.
அதோட அரிசியை
மத்த அடுப்பு தொடாது."
கொஞ்ச நேரம் பேனாவைத் திருகினார்.
"சும்மா கெடக்கும்தான்."

பட்டியலை இழுத்தார்.
எட்டு கோருக்குப் பக்கத்தில் கையெழுத்து.
நான் மூச்சு விடுவதற்குள்
பேனா ஒரு வரி மேலே ஏறி
ஏசியில் நின்றது.
"ஒரு டன் போதாதா?"