பெயர் ஒட்டாத புட்டி

மார்ச்சில் பள்ளி திறக்கிறது. இங்கே அது இலையுதிர்காலம்.
புன்டா அரீனாஸில் காற்றுக்குக்
கதவைத் தட்டும் வழக்கமில்லை.
வேதியியல் துறை என்றால் மூன்று பேர்:
கந்தக அமிலம் ஊற்றும்போதும் கை நடுங்காத நெவென்கா,
எதைக் கேட்டாலும் அடுத்த வருஷம் என்கிற எலிசேயோ,
குடுவை கழுவும் நான்.

கணக்கெடுப்பில் எழுபத்து மூன்று சோதனைக்குழாய்.
ஒன்றில் விரிசல். அதையும் எண்ணினோம்.
மேல்தட்டில் பெயர் ஒட்டாத பழுப்புப் புட்டி,
உள்ளே வெள்ளைத் தூள்.
"தொடாதே என்று எனக்கு லியாந்த்ரோ சொன்னார்.
உனக்கு நான் சொல்கிறேன்."

ஏப்ரலில் ரயென் வெள்ளி நைட்ரேட்டைச் சிந்திவிட்டாள்.
விரல்கள் கறுத்து, இரண்டு வாரம்
கையைப் பைக்குள் வைத்துக்கொண்டே கேள்வி கேட்டாள்.

ஜூனில் முதல் வகுப்பு இருட்டில்தான்.
பத்து மணிக்குச் சூரியன் ஜன்னலோரம் வந்து நிற்கும்,
தாமதத்துக்குக் காரணம் சொல்லாமல்.
அன்றைக்கு மக்னீசியம் நாடாவை எரித்தோம்.
முப்பத்தொரு முகங்களும் ஒரு நொடி வெளுத்தன.
பிறகு யாருக்கும் எதுவும் தெரியவில்லை.
யாரோ சிரித்தார்கள்.

ஆகஸ்டில் நெவென்கா மூன்று நாள் வரவில்லை.
நான்காம் நாள், தரம் பார்த்தலில்
அவளுக்கு ஒரு சொட்டு கூடிப்போனது.
குடுவை முழுக்க அடர்ந்த ரோஜா நிறம்.
கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
நான் குழாயைத் திறந்து சத்தமாகக் கழுவினேன்,
ஏற்கெனவே கழுவிய குடுவைகளை.

அக்டோபரில் ஒரு படிவம் வந்தது.
பழைய வேதிப்பொருள்களை அள்ளிப்போக லாரி வருமாம்.
பொருளின் பெயர் என்று ஒரு கட்டம்.
பெயரில்லாததை லாரி ஏற்றாது.

நான் பார்க்கிறேன் என்றாள் ரயென்.
நீரில் கரைந்தது.
லிட்மஸ் இரண்டு தாளிலும் அசையவில்லை.
வெள்ளி நைட்ரேட், இம்முறை கையுறையோடு:
வீழ்படிவு இல்லை.
மின்சாரம் விட்டாள், பல்பு தூங்கியது.
கடைசியில் ஒரு கரண்டியைச் சுடர்மேல் பிடித்தாள்.
உருகியது, பழுப்பானது, அப்புறம் அந்த வாசனை.
தாழ்வாரத்தில் போன வரலாற்று ஆசிரியர் தலையை நீட்டி
யாருக்குப் பிறந்தநாள் என்றார்.

எதையும் நாவில் வைக்காதே என்பது
எங்கள் சுவரின் முதல் விதி.
இருபத்தாறு வருஷம் அதை மதித்திருக்கிறோம்.

எலிசேயோ நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.
"நம் எதிரில் கசப்புக் காப்பிதான் குடிப்பார்.
டாக்டர் கண்டிப்பு என்பார்."
அதற்குமேல் யாரும் பேசவில்லை.

டிசம்பர். இரவு பத்துக்கும் வெளிச்சம் மிச்சமிருக்கிறது.
லாரி வந்தது, போனது. புட்டி போகவில்லை.
நெவென்கா சூத்திரத்தை மட்டும் எழுதி ஒட்டினாள்.
மார்ச்சில் வரப்போகும் புதியவரிடம்
தொடாதே என்று சொல்ல
எலிசேயோ இப்போதே ஒத்திகை பார்க்கிறார்.

நாற்காலிமேல் ஏறித் தட்டில் வைக்கும்போது கவனித்தேன்:
மூன்று கரண்டி குறைகிறது.
ஒன்று ரயென் எரித்தது.
மற்ற இரண்டைக் கணக்கில் எழுதவில்லை.