அழைப்பு மணியை அழுத்தாதே

எரிவாயுவுக்கு மணமில்லை.
கந்தகம் கலந்து, அழுகிய முட்டை நாற்றத்தை
அதன் கழுத்தில் கட்டி அனுப்புவது நாங்கள்.
பூனைக்கு மணி கட்டும் துறை என்று
எங்களை நாங்களே சொல்லிக்கொள்வோம்.

ஜனவரி, இரவு இரண்டு பத்து. வூச் நகரம்.
பழைய நூற்பாலைக் குடியிருப்பு.
மூன்றாம் மாடியிலிருந்து கிராட்சியான் அழைத்தார்:
"முதலில் படிக்கட்டில் நாறியது.
இப்போது என் தலையணை வரை வந்துவிட்டது."

மணியை அழுத்தினால் பொறி பறக்கும்.
விரல் முட்டியால் தட்டினேன்,
பதினெட்டுக் கதவுகளையும்.

நாற்றத்தின் ஒரு மூலக்கூறு
நொடிக்கு முந்நூறு மீட்டர் பறக்கும்.
கணக்குப்படி கண்ணிமைப்பதற்குள்
தலையணைக்கு வந்திருக்க வேண்டும்.
வராது.
மயிரிழையின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு போவதற்குள்
எதன்மேலாவது மோதும். திரும்பும். மறுபடி மோதும்.
நொடிக்குப் பல நூறு கோடி முறை.
காலே இல்லாதவை
கால் போன போக்கில்.

மாடியேற வேண்டுமென்று எதற்கும் எண்ணமில்லை.
இங்கே கூட்டம், அங்கே யாருமில்லை.
இங்கிருந்து அங்கே தவறிப்போக ஆள் உண்டு,
அங்கிருந்து தவறி வரத்தான் ஆளில்லை.
பரவுவது என்றால் இவ்வளவுதான்.
காற்றே அசையாத வீட்டில்
இரு மடங்கு தூரத்துக்கு நான்கு மடங்கு நேரம்.

முற்றத்துப் பனியில் எல்லோரும் நின்றார்கள்.
லுட்விக்கா கிளியைக் கூண்டோடு கொண்டுவந்திருந்தாள்.
சொத்து வழக்கில் பேச்சை விட்ட அண்ணனும் தம்பியும்
முற்றத்தின் இரு மூலைகளில்.
குளிருக்குக் கால் மாற்றி மாற்றி வைத்ததில்
மெல்ல மெல்ல எல்லோரும் இடம் மாறினார்கள்.
யாரும் யாரையும் தேடிப் போகவில்லை.
தோள் இடித்தது, மன்னிப்புக் கேட்டார்கள், நகர்ந்தார்கள்,
இன்னொரு தோள்.

என் கருவி பூஜ்யம் காட்டியது. எல்லா மாடியிலும் பூஜ்யம்.
நிலவறையில் திருமதி வவ்ஷின்ஸ்காவின்
முட்டைக்கோஸ் பீப்பாய், மூடி சரிந்து,
ஒரு வாரம் அதிகமாகப் புளித்திருந்தது.
கிராட்சியான் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.
முதலில் சிரித்தது கிளி.

போன நாற்றமெல்லாம் ஒருநாள் தற்செயலாகப்
பீப்பாய்க்கே திரும்பிவிடலாம்.
தடுக்க எந்த விதியும் இல்லை,
பிரபஞ்சத்தின் வயதுதான் போதாது.
இவர்களோ பத்தே நிமிடத்தில் திரும்பிவிட்டார்கள்.
படியிறங்கும்போது தாழ்ப்பாள்களை எண்ணினேன்.
பதினேழு.
எந்தக் கதவு திறந்தே கிடந்தது,
அதற்குரியவர் யார் வீட்டில் தேநீருக்கு உட்கார்ந்தார்
என்று போய்ப் பார்க்கவில்லை. அது எங்கள் வேலையில்லை.

வீட்டு வாசலில் கோட்டை மாட்டிவிட்டு
மூச்சடக்கி நின்றேன்.
கட்டிலில் இரெனேயுஷ், ஒன்பது அடி தள்ளி, நல்ல தூக்கம்.
நூற்றுப் பத்து எண்ணியபோது
மூக்கு சுளித்தது.
கண் திறக்காமலே கேட்டான்:
"கோஸா?"