ஜெனரேட்டர் வாடகை

கடியபட்டணத்தில் திங்கட்கிழமைக் கல்யாணம்.
காலை ஏழு மணிக்குப்
பின்வாசல் வழியாக வரச் சொல்லியிருந்தார்கள்.
மீன்கூடையும் நானும் ஒரே வழி.

'பொட்டிக்காரன் வந்தாச்சு' என்றான் ஒருத்தன்.
என்னிடம் பெட்டி இருக்கிறது, உண்மைதான்.
ஆனால் அந்தக் கடைசி எழுத்தில் நாக்கை வளைத்து
வேறொரு சொல்லை எட்டிப் பார்க்க விடுவார்கள்.
கருங்கல் சந்தையிலிருந்து குளச்சல் பஸ்வரை
பழகின வளைவுதான்.
இறங்கி நடந்துவிடுவேன்.

மாப்பிள்ளை ஆன்றோ
தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு மறுபடியும் இழுத்துப் பார்த்தான்.
'அண்ணே, போட்டது தெரியப்பிடாது, கேட்டியளா.
போடாம இருக்கதுபோல இருக்கணும்.'
எல்லா மாப்பிள்ளைகளும் கேட்பது இதுதான்.
மார்த்தாண்டத்து வக்கீல் கேட்டான்,
குலசேகரத்து ரப்பர்க்கடைக்காரன் கேட்டான்,
தக்கலையில் ஒருவன்
வாட்சப்பில் குரலைத் தாழ்த்திக் கேட்டுவிட்டு
அதையும் அழித்தான்.
தெரியாமல் போடுவதற்குத்தான் நேரம் அதிகம்.
கூலி மட்டும் பெண்ணுக்கு வாங்குவதில் பாதி.

வெளியே கூட்டாளிகள் சீட்டு ஆடுகிறார்கள்.
ஆறு பேர். ஆறு தாடியிலும் எண்ணெய்.
ஒருத்தன் புருவத்தில் பிளேடால் கோடு கிழித்திருக்கிறான்.
ஒருத்தன் பையில் ஃபேஸ்வாஷ், கறுப்புக் குப்பி.
வெள்ளைக் குப்பி என்றால் பொம்பளைக்கு,
கறுப்பு என்றால் ஆம்பளைக்கு.
உள்ளே ஒரே நுரை என்று எனக்குத் தெரியும்.
சொல்லி என்ன.

ஆன்றோவின் முகம் கடல் பார்த்த முகம்.
நெற்றி கறுப்பு, கன்னம் அதைவிட.
கண்ணைச் சுருக்கிச் சுருக்கி வெயிலைப் பார்த்ததில்
ஓரச் சுருக்கங்களுக்குள் மட்டும்
பிறந்தபோது இருந்த நிறம்.
இந்த நிறத்தை எந்தக் கம்பெனியும் செய்வதில்லை.
இரண்டு ட்யூபைப் பிதுக்கிப்
புறங்கையில் குழைத்தேன்,
மூன்றாவதாக, செம்மண் மாதிரி ஒன்று, ஒரு துளி.
கிட்டத்தட்ட வந்தது.

இடது புருவத்தில் தூண்டில் கிழித்த தழும்பு.
பஞ்சை அங்கே கொண்டுபோனதும்
கையைப் பிடித்தான்.
'அது கெடக்கட்டு.'
ஏன் என்று நான் கேட்கவில்லை.
கொஞ்சம் கழித்து அவனே சொன்னான்,
'ஷெர்லின் அதத்தான் மொதல்ல பாத்தா.'

அப்போது கதவு தட்டப்பட்டது.
அம்மா என்றால் இரண்டு தட்டு. இது ஒன்று.
அப்பா கிளீட்டஸ்.
ஆன்றோ துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.
நான் பெட்டியை மூடினேன்,
எதற்கென்று தெரியவில்லை.

கிளீட்டஸின் மீசை அன்று காலைதான் கறுத்திருந்தது.
மேலுதட்டில் ஒரு சொட்டு வழிந்து காய்ந்திருந்தது.
அறைக்குள் மருந்து வாடை
அவர் வந்த பிறகுதான் ஏறியது.
'துண்ட எடுலே.'
எடுத்தான்.
வள்ளத்தில் ஓட்டை தேடுகிற கண்.
மகன் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினார்,
செல்போன் விளக்கை அடித்தார்,
இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
பத்து வருடமாகக் கேட்ட சொற்களுக்கெல்லாம்
காதைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன்.

'களுத்து விட்டுப்போச்சு' என்றார் என்னிடம்.
'மூஞ்சி ஒரு நெறம், களுத்து ஒரு நெறம்.
கேமராக்காரன் விடமாட்டான், பாத்துக்க.'

பார்த்தேன். சரிதான்.

கழுத்துக்குக் குழைக்கும்போதும் அவர் போகவில்லை.
என் கண்ணாடிமுன் குனிந்து
உதட்டின் மேலிருந்த சொட்டை
நகத்தால் சுரண்டினார்.
அதுவும் போகவில்லை.
எண்ணெய் தொட்ட பஞ்சை நீட்டினேன்.
வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் கணக்குத் தீர்க்கும்போது
மடியில் நோட்டு.
கோழி, ஐஸ், பந்தல், பூ, பேண்டு வாத்தியம்.
என் பணத்தை இரண்டு தடவை எண்ணித் தந்தார்,
நூறு ரூபாய் கூடுதலாக.
பிறகு பேனாவை உதறினார்,
யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்தார்,
எழுதினார்:
ஜெனரேட்டர் வாடகை.

அன்று முழுக்க
கரண்டு போகவே இல்லை.